தூக்கில் டுரியான் தடை

வாசகர் ஒருவர் கேட்டது: "எங்கள் அப்பா தோட்டத்துக் கதை சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்போம். இன்றைக்குக் கோலாலம்பூரில் சிரிக்க என்ன இருக்கிறது? ஜாம், பில், பாஸ்வேர்டு. எல்லாம் எரிச்சல்தான். இந்த வாழ்க்கையில் நகைச்சுவைக்கே இடமில்லை என்கிறேன். அப்படியில்லை என்பவர்கள் ஓர் உதாரணம் காட்டுங்கள்."

ஜூலை 8, காலை 7:50

உதாரணமா? எங்கள் மின்தூக்கியில் ஒட்டியிருக்கிறது, வந்து பாருங்கள்.

செந்தூலில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். ஒரு வாரமாக மின்தூக்கிக்குள் டுரியான் பழ வாடை. கதவு திறந்ததும் மூக்கில் அறைகிறது. குடியிருப்போர் வாட்சப் குழுவில் 140 செய்திகள் வந்துவிட்டன. அதில் 30 பேர் "யார் அது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தர் நடுவில் காணாமல்போன பூனையின் படத்தைப் போட, பேச்சு அரைநாள் பூனைப் பக்கம் போய்த் திரும்பியது.

நேற்று நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியது. நாலு மொழி. தமிழிலும் போட்டார்களே என்று பாராட்டத்தான் நினைத்தேன். படித்தேன். யாரோ ஆங்கிலத்தைக் கணினியில் கொடுத்துத் தமிழை வாங்கியிருக்கிறார்கள். அது லிஃப்டைத் 'தூக்கு' ஆக்கிவிட்டது.

"தூக்கில் டுரியான் தடை. மீறுபவர் தூக்கில் கேமராவால் பார்க்கப்படுவார். தூக்கு அனைவருக்கும் பொதுவானது."

கடைசி வரியில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு ஒரு மாடி முன்பே இறங்கிக்கொண்டார்.

ஜூலை 8, இரவு 9:15

திருத்தம். சாயங்காலம் மறுபடி படித்தேன். "பார்க்கப்படுவார்" இல்லை, "பிடிக்கப்படுவார்". தூக்கில் பிடிக்கப்படுவார். இன்னும் மோசம்.

கொண்டு வந்தது யாராக இருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 20ஆம் மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது, சனிக்கிழமை தவறாமல் எதையாவது மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 10, மதியம் 1:20

மாடி என்றதும் நினைவு வந்தது. எங்கள் வீடு 13ஏ மாடியில். அப்படி ஒரு எண் உண்டா என்று தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். மலேசியக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. சீன மொழியில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. அதனால் கட்டடங்களில் 4க்குப் பதில் 3ஏ, 14க்குப் பதில் 13ஏ, 24க்குப் பதில் 23ஏ. சாவை ஏமாற்ற மின்தூக்கிப் பொத்தான் போதும் என்று ஒரு நம்பிக்கை.

ஆனால் எங்கோ செய்து இங்கே மாட்டிய தீ எச்சரிக்கைப் பெட்டிக்கு இந்தச் சமாச்சாரம் யாரும் சொல்லவில்லை. அதற்கு 13க்கு அடுத்தது 14. போன வருஷம் ஒரு ராத்திரி மணி அடித்தது. கீழே காவலர் அறையில் பெட்டி "14" என்று சிவப்பாகக் காட்டுகிறது. நேப்பாளத் தம்பி ஒருவர் பணியில். மின்தூக்கியை ஓட்டக்கூடாது என்பது விதி, ஆகவே படியில் ஓடுகிறார். 13 வந்தது, அடுத்து 13ஏ வந்தது, அடுத்து 15 வந்தது. 14ஐக் காணோம். கீழே இறங்கினார், மறுபடி ஏறினார். நான் ராத்திரி உடையோடு படிக்கட்டில் நிற்கிறேன். மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "காக்கா, எம்பாட் பெலாஸ் மானா?"

அக்கா, பதினாலு எங்கே? (மலாயில் அக்காவுக்குக் காக்கா. ஊரிலிருந்து வந்திருந்த என் சித்தி மகள் இதைக் கேட்டுவிட்டு, "உன்னைப் போய்க் காக்காங்கிறானே, நீ சும்மா நிக்கிறே" என்று சண்டைக்குக் கிளம்பினாள்.)

நான் நிற்கும் இடம்தான் 14 என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. "இந்தக் கட்டடத்தில் 14 கிடையாது" என்று சொல்லி அனுப்பினேன். புகை என் பக்கத்து வீட்டில், பெலாச்சான் (இறால் விழுது) வறுத்தது. நல்லவேளை, அதுவே அடங்கிவிட்டது.

ஜூலை 10, மதியம் 1:45

நாம் மட்டும் என்ன யோக்கியம் என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) மொய் வைப்போமா? 51தான். அவர்கள் ஒரு எண்ணைக் கண்டு ஓடுகிறார்கள், நாம் ஒரு வெள்ளியைத் துரத்துகிறோம்.

ஜூலை 11, காலை 6:30

ராத்திரி படுத்தும் தூக்கம் வரவில்லை. அந்தத் தம்பியை வைத்துக் காமெடி பண்ணிவிட்டேனோ என்று உறுத்தல். இன்று நடைக்குப் போகும்போது அவரே வாசலில் இருந்தார். அந்த ராத்திரி நினைவிருக்கிறதா என்றேன். சிரித்தார். நான் இருப்பது உண்மையில் எத்தனையாவது மாடி என்று கேட்டேன், 14 என்பார் என்று எதிர்பார்த்து.

"பதினெட்டு" என்றார்.

ரோந்துக்கு ஒவ்வொரு ராத்திரியும் படியில் ஏறுகிறவர். தரைத்தளம் ஒன்று, கார் நிறுத்தும் தளம் மூன்று, அதற்கு மேல்தான் எங்கள் 1ஆம் மாடி தொடங்குகிறது. காலால் எண்ணினால் நான் 18இல் இருக்கிறேன். எட்டு வருஷமாக வீட்டுக் கடன் கட்டுகிறேன், எந்த மாடியில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே நேற்றைய கதையில் கேலிக்குரியவர் யார் என்பதை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 12, இரவு 10:05

"இதெல்லாம் அடுக்குமாடிக்காரர்கள் பிரச்சினை, தரை வீட்டுக்காரன் எதற்குச் சிரிப்பது" என்று கேட்டவருக்கு: நீங்கள் கடைக்குப் போவதில்லையா?

9 வெள்ளி 99 காசு என்று விலை ஒட்டியிருப்பார்கள். ஒரு காசு இந்த நாட்டில் எங்கே இருக்கிறது? 2008 ஏப்ரல் 1 முதல் பில்லை ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறார்கள். 1, 2இல் முடிந்தால் கீழே, 3, 4 என்றால் ஐந்து, 6, 7 என்றாலும் ஐந்து, 8, 9 என்றால் மேலே. ஏப்ரல் முதல் தேதி பார்த்துத் தொடங்கியவர் யாரோ, அவர் நம் ஆள். அந்த 9.99க்கு நான் எப்படியும் பத்து வெள்ளிதான் கொடுக்கப் போகிறேன். கடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அட்டையைப் பார்த்ததும் "பத்து வெள்ளிக்குள்ளதான்" என்று கை தானாக எடுத்துவிடுகிறது.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவள். இந்தச் சரிக்கட்டலுக்கென்றே பேரேட்டில் தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். காசு இல்லை, கணக்கு இருக்கிறது. ஒரு வருஷம் முழுவதும் சேர்ந்து அது 35 காசில் வந்து நின்றது. தணிக்கைக்கு வந்த பையன், கழுத்துப்பட்டை கட்டியவன், "இதற்கு ஆதாரம் வேண்டும்" என்றான். 400 ரசீதுகளை எடுத்து மேசையில் வைத்தேன். அவன் ஒன்றரை நாள் கூட்டினான். அவனுக்கு 40 காசு வந்தது. அடுத்த அரைநாள் ஐந்து காசைத் தேடினோம். கடைசியில் என் கைப்பையிலிருந்து ஒரு ஐந்து காசை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். சிரிக்கவில்லை. அதைக் கோப்பில் எப்படிக் காட்டுவது என்று யோசித்தான்.

ஒரு வெள்ளி நாணயமும் 2005இல் போய்விட்டது. மொய்க்கு அந்த ஒற்றைக்குத் தாளைத்தான் மடிக்கிறோம்.

ஜூலை 13, காலை 11:00

மேலே எழுதியதில் பாதி தப்பு. இன்று அதே கடையில் அதே சாமானைக் கைப்பேசியில் கட்டினேன். சரியாக 9.99 போனது. கையில் பிடிக்க முடியாத காசைக் கைப்பேசி கொடுக்கிறது. பதினேழு வருஷம் முன்பு காணாமல் போனது இங்கேதான் குடியிருக்கிறது போல.

பினாங்குப் பாலத்தில் கார் கட்டணம் 5 வெள்ளி 74 காசு என்று ஒருவர் நினைவுபடுத்தினார். ஆமாம். முன்பு 7 வெள்ளி, 2020இல் 18 விழுக்காடு குறைத்ததும் இப்படி ஓர் எண். அந்த நாலு காசை யாராலும் கையால் நீட்ட முடியாது. நல்லவேளை, அங்கே கையை நீட்டும் வேலையே இல்லை, அட்டைதான்.

அதுவும் தீவுக்குள் போகும்போது மட்டும். வெளியே வர இலவசம். என் மாமியார் பினாங்குக்காரர், பாலத்தில் வரும்போதெல்லாம் ஒரே வசனம்: "கிளம்பிப் போறவங்கிட்ட என்னத்த வாங்கறது, போகட்டும்னு விட்டுட்டான்."

ஜூலை 13, காலை 11:10

பதினேழு வருஷம் சரிதானே? 2008, 2025. சரி.

ஜூலை 14, இரவு 8:40

மோனோரயிலைப் பற்றி எழுதச் சொன்னவருக்குச் சுருக்கமாக: 2003இல் மோனோரயில் ஓடத் தொடங்கியபோதே பிரிக்ஃபீல்ட்ஸ் நிறுத்தத்துக்குக் கேஎல் சென்ட்ரல் என்று பெயர். உண்மையான கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் சாலைக்கு அந்தப் பக்கம். 2014இல் நடுவில் பேரங்காடி வரும்வரை, சென்ட்ரலில் இறங்கியவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு "சென்ட்ரல் எங்கே?" என்று கேட்டபடி நடந்தார்கள். இப்போது வெயில் இல்லை, கடைகள் வழியாகப் போகலாம். ரயிலைப் பிடிக்கப் போனவர் செருப்போடு திரும்பி வருவதுதான் புதுப் பிரச்சினை.

ஜூலை 15, இரவு 11:30

இன்று நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதக் கடைசித் திங்கட்கிழமை, ஜூன் 30. என் வீட்டுக்காரர் பினாங்கிலிருந்து அத்தையைக் காரில் அழைத்து வந்தார். வெயிலுக்கு முன் வந்து சேரலாம் என்று மூன்று மணிக்கே கிளம்பி, காலை 7:35க்கு எங்கள் கார் நிறுத்தும் தளத்துக்கு வந்துவிட்டார்கள். நான் தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், யாரும் மேலே வரவில்லை. போன் அடித்தேன். "அம்மா இறங்க மாட்டேங்கிறாங்க. ராகு காலம்."

திங்கள் ஏழரை ஒன்பது. நாள்காட்டியில் அப்படித்தான். சரி, ஒன்பது மணிக்கு வருவார்கள் என்று விட்டேன். இந்த இடத்தில் என் மகள் தலையிட்டாள். படித்த பிள்ளை. "பாட்டி, அது சூரியன் ஆறு மணிக்கு உதிக்கிற ஊர்க் கணக்கு. இங்கே ஏழு மணிக்கு மேலதான் விடியுது" என்று கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக் காட்டினாள்.

அவள் சொன்னது சரிதான். ராகு காலம் என்பது பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு. திங்களுக்கு இரண்டாவது பங்கு. ஆறு மணிக்கு விடிந்தால் ஏழரை, ஒன்பது. நமக்கு எங்கே ஆறு மணிக்கு விடிகிறது? 1982 ஜனவரி 1ஆம் தேதி சபா, சரவாக்கோடு ஒரே மணியாக இருக்கட்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிவிட்டார்கள். அதற்கு முன்பும் நம் கடிகாரம் சூரியனைவிட முந்தியேதான் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே உச்சிவெயில் ஒண்ணே கால் மணிக்கு. செயலியின்படி அன்றைய ராகு காலம் எட்டே முக்கால் வாக்கில் தொடங்கிப் பத்தே கால் வரை.

மகள் நினைத்தது: அப்படியென்றால் இப்போது நல்ல நேரம், பாட்டி எட்டே முக்காலுக்குள் மேலே வந்துவிடலாம்.

அத்தை நினைத்தது: அப்படியென்றால் ராகு காலம் இரண்டு.

ஏழரை முதல் ஒன்பது வரை நாள்காட்டிக்காக. அது முடிவதற்குள் செயலியின் ராகு தொடங்கிவிட்டான். பத்தே கால் வரை அவனுக்காக. ஆக இரண்டே முக்கால் மணி நேரம், இடைவெளியே இல்லாமல். நான் நாசி லெமாக்கையும் தேத்தண்ணியையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மூன்று பேரும் காருக்குள் உட்கார்ந்து பசியாறினோம். சாமான்களும் பின்னால் அப்படியே. சன்னலை இறக்கலாம் என்றதற்கு அத்தை வேண்டாம் என்றார். நம் காவலர் தம்பி ரோந்து வந்து எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரர் "சாவி மறந்துடுச்சு" என்று மலாயில் சொல்லி வைத்தார். ராகு காலத்துக்கு மலாயில் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

ஜூலை 16, காலை 7:20

"பெரியவர்கள் நம்பிக்கையைக் கிண்டல் செய்வது நகைச்சுவையா?" என்று காட்டமாக ஒருவர். ஐயா, அன்று நான் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லி அவரோடு காரில் உட்கார்ந்திருந்தேன். 10:15 ஆனதும் "இன்னும் ரெண்டு நிமிஷம் போகட்டும் அத்தை" என்று சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்?

ஜூலை 19, இரவு 10:50

ஒன்று சொல்ல வேண்டும். மூன்று நாளாக இழுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அந்தச் சாமான் டுரியான்.

பினாங்கு பாலிக் புலாவ் பழம், ஆங் ஹே ரகம், மூன்று. அத்தை அவற்றைத் தோட்டத்திலிருந்தே பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். நேராக மேலே கொண்டுபோயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று இப்போதும் நம்புகிறேன். இரண்டு ராகு காலம் மூடிய காருக்குள் இருந்ததில் பழம் முழுதாக மலர்ந்துவிட்டது. சன்னல் ஏன் வேண்டாம் என்றார் என்று புரிகிறதா?

இரண்டு பழத்தை வீட்டுக்காரர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மூன்றாவது கொள்ளவில்லை. அத்தை அதை நாளிதழில் சுற்றி, மேலே ஒரு துண்டைச் சுற்றி, முள் குத்தாமல் இருக்க இன்னொரு துண்டையும் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டார். மின்தூக்கியில் ஏறினோம். முதல் மாடியிலேயே நின்றது. 9ஆம் மாடி ஆன்ட்டி, நம் ஆள்தான், உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஏறினார். கதவு மூடியது. மூவரும் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2. 3. 3ஏ.

ஆன்ட்டி துண்டைப் பார்த்தார். "பிள்ளை தூங்குதா?"

அத்தை கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "இப்பத்தான் தூங்குச்சு" என்று மெல்ல ஆட்டினார்.

ஆட்டியதில் வாடை இன்னும் கிளம்பியது. என் வீட்டுக்காரர் பெட்டியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்குகிறது. ஆன்ட்டி 9இல் இறங்கும்போது "கண்ணுபடப் போகுது, மூடியே வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிர்வாகம் சிசிடிவியை ஓட்டிப் பார்த்ததாகக் குழுவில் எழுதியிருந்தார்கள். டுரியானோடு யாரும் வரவில்லையாம். ஒரு பாட்டி, ஒரு குழந்தை, நல்ல குடும்பம்.

20ஆம் மாடிக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சனிக்கிழமை கொண்டு வருவது துணி. இன்று மின்தூக்கியில் விசாரித்தேன். சலவைக்கடையில் போட்டு எடுத்து வருகிறார்கள்.

ஜூலை 20, காலை 8:05

முதல் கேள்வி கேட்ட வாசகர் எழுதியிருக்கிறார்: "இது தோட்டத்துக் கதைதானே அம்மா, நகரத்தில் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். கணக்கில் சேராது." சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. மின்தூக்கி, சிசிடிவி, செயலி மூன்றும் இருக்கிறதே. இன்னும் என்ன நவீனம் வேண்டும்?

ஜூலை 22, இரவு 9:30

இன்று சாயங்காலம் அழைப்பு மணி. திறந்தால் 9ஆம் மாடி ஆன்ட்டி, கையில் மூடி போட்ட காலி டப்பா.

"பிள்ளைக்குப் பேர் வெச்சாச்சா?" என்றார்.

எனக்கு வாய் எழவில்லை. அத்தை உள்ளேயிருந்து, "வாங்க வாங்க, பேர் ஆங் ஹே" என்றார். ஆன்ட்டி அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதவு மூடும்போதே தெரிந்துவிட்டதாம், இத்தனை நாள் நாங்களாகக் கூப்பிடுவோம் என்று பார்த்தாராம். குழுவில் "யார் அது?" என்று கேட்ட அந்த 30 பேரில் அவரும் ஒருத்தர்.

குளிர்பெட்டியில் கடைசியாக ஆறு சுளை உறைந்து கிடந்தது. நாலை எடுத்துப் போட்டுக் கொடுத்தோம். மூடியை மூன்று முறை அமுக்கிப் பார்த்தார். மின்தூக்கிப் பக்கம் போனவர் அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்பி, படிக்கட்டில் இறங்கினார்.

ரோந்து வந்த தம்பி எதிரே ஏறிக்கொண்டிருந்தார். ஒதுங்கி வழிவிட்டார். மூக்கைத் தடவிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை.